பெட்டை நாயின் முட்டைக் கலங்களை உறையவைத்துப் பாதுகாத்தல்: வன்னியில் தொடங்குவோருக்கான செயல்வழிகாட்டி

இலங்கையின் வடக்கே வன்னியில் நாய்களுக்கான கருத்தடை முகாம் நடைபெறும் எந்தப் பொதுநோக்கு மண்டபத்துக்குச் சென்றாலும், சத்திரசிகிச்சை மேசையின் அடியில் ஒரு வாளி இருப்பதைக் காணலாம். காலையில் வெறுமையாக இருக்கும் அந்த வாளி மதியத்துக்குள் பெட்டை நாய்களின் சூலகங்களாலும் கருப்பைகளாலும் நிரம்பிவிடும். பின்னேரம் கிடங்கு வெட்டி அவற்றைப் புதைத்துவிடுவார்கள். 2006ஆம் ஆண்டில் தெருநாய்களைக் கொல்வதை அரசு கைவிட்டு, கருத்தடையையும் விசர்நாய்க்கடித் தடுப்பூசியையும் கொள்கையாக ஏற்றுக்கொண்டது. அன்றிலிருந்து நாடு முழுவதும் நடந்துவரும் இந்த நல்ல வேலையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் புதைக்கப்படும் ஒவ்வொரு சூலகத்தினுள்ளும் பல்லாயிரம் முட்டைக் கலங்கள் இருக்கின்றன என்பதையும், அவற்றுட் சிலவற்றையேனும் உயிர்த்தன்மை கெடாமல் பிரித்தெடுத்து உறையவைக்க முடியும் என்பதையும் கற்ற பிறகு, அந்த வாளியை முன்போலக் கடந்துசெல்ல என்னால் முடியவில்லை.

இதை மிருக வைத்தியர்களுக்காகவும், கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் போன்ற இடங்களில் விலங்கு விஞ்ஞானம் பயிலும் மாணவர்களுக்காகவும், மாடுகளுக்குச் செயற்கைமுறைச் சினைப்படுத்தல் செய்து திரவ நைதரசனுடன் ஏற்கெனவே பழகிய உத்தியோகத்தர்களுக்காகவும் எழுதுகிறேன். சத்திரசிகிச்சையைப் பதிவுபெற்ற மிருக வைத்தியர் ஒருவரே செய்யவேண்டும். முட்டை எடுப்பதற்காக மட்டும் ஒரு நாயின் வயிற்றைத் திறப்பது முறையல்ல. எப்படியும் நடக்கவிருக்கும் கருத்தடையின்போது அகற்றப்படும் சூலகமே நமது மூலப்பொருள்.

எதை உறையவைக்கப் போகிறோம்?

தொழில்நுட்பத்துக்குப் போகுமுன் நோக்கத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒருவர் தம்முடைய நல்ல காவல் நாயின் வழியில் அடுத்த வருடமே குட்டிகள் வேண்டும் என்று கேட்டால், முட்டையை உறையவைப்பது அவருக்கான விடை அல்ல. கடுவன் நாயாக இருந்தால் விந்தை உறையவைக்கலாம். உறைந்த விந்திலிருந்து நாய்க்குட்டிகள் பிறந்தது 1969ஆம் ஆண்டிலேயே பதிவாகிவிட்டது. பெட்டையாக இருந்தால், இணைசேர்த்த பின் கருக்களை எடுத்து உறையவைப்பது முட்டையை உறையவைப்பதிலும் முன்னேறிய வழி. கண்ணாடியாக்கி (பனிப்பளிங்கு உருவாகாதபடி மிக விரைவாகக் குளிர்வித்து) உறையவைத்த கருக்களிலிருந்து குட்டிகள் பெற்றதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்டார்கள். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 2013இல் உறைந்த கருவிலிருந்து ஒரு குட்டி பிறந்தது. 2015ஆம் ஆண்டு யூலை மாதம் அதே குழுவினர், உடலுக்கு வெளியே கருக்கட்டச் செய்த 19 கருக்களை ஒரு வளர்ப்புத் தாயினுள் வைத்து, உலகில் முதன்முறையாக அவ்வழியில் ஏழு குட்டிகளைப் பெற்றார்கள். நாயின் முட்டைக் கலத்தை உறையவைத்துப் பின் உருக்கிக் குட்டி பெறுவது இன்னும் ஆய்வுக்கூட வேலையாகவே இருக்கிறது. அதை ஒரு சிகிச்சையாக எவருக்கும் வாக்களிக்கக் கூடாது.

அப்படியாயின் ஏன் செய்யவேண்டும்? கருத்தடை செய்யப்படும் அல்லது இறந்துவிட்ட ஒரு பெட்டையின் மரபு வழியை முட்டைகளின் மூலம் வைத்திருப்பதற்கு அவளுடைய சூலகத்தைத் தவிர வேறு இடம் இல்லை. மாட்டுப் பட்டிகளோடு இரவெல்லாம் காவல் கிடக்கும் நாட்டு நாய்கள், யானை வருவதை மோப்பத்தால் அறிந்து காவற் கொட்டிலில் இருப்பவரை எழுப்பும் நாய்கள் ஆகியவற்றின் வழி, வெளியினங்களோடு கலந்து எங்கள் கண்முன்னேயே கரைந்துகொண்டிருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. இலங்கையில் நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த ஒரே காட்டு விலங்கு நரி. மெக்சிக்கோவின் சாம்பல் ஓநாய், ஆபிரிக்கக் காட்டு நாய், இந்தியக் காடுகளின் செந்நாய் என்று அருகிவரும் உறவினங்கள் பல. வீட்டு நாயின் முட்டையில் கைபழகிய ஒருவரே, வீதியில் அடிபட்டு இறந்த ஒரு நரியின் சூலகம் கையில் கிடைக்கும் நாளில் பதறாமல் வேலை செய்ய முடியும்.

நாயின் முட்டை ஏன் தனித்தன்மையானது?

இந்தப் பகுதியை அவசரமாகக் கடந்துவிட வேண்டாம். பிற்பாடு நேரும் தோல்விகளிற் பெரும்பாலானவற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பசுவிலும் ஆட்டிலும் மனிதரிலும் சூலகத்திலிருந்து வெளியேறும் முட்டை, முதல் ஒடுக்கற்பிரிவை முடித்து, விந்தை ஏற்கத் தயாரான நிலையில் வருகிறது. பெட்டை நாயில் அப்படியல்ல. முட்டை வெளியேறத் தூண்டும் எல்எச் ஓமோன் உச்சமடைந்து ஏறத்தாழ இரண்டு நாட்களின் பின் முட்டை வெளியேறும். ஆனால் வெளியேறும்போது அது ஒடுக்கற்பிரிவின் தொடக்க நிலையிலேயே, கலக்கரு உடையாமல் இருக்கும். சூலகக் குழாயினுள் மேலும் 48 தொடக்கம் 72 மணித்தியாலங்கள் தங்கிய பின்னரே அது முதிர்ச்சி அடைகிறது. கோர்னெல் குழுவினரின் வெற்றிக்கு ஒரு காரணம், எல்எச் உச்சத்தின் பின் ஐந்தாம் நாளில் எடுப்பதை விட்டு ஆறாம் நாள்வரை பொறுத்திருந்து சூலகக் குழாயிலிருந்து முட்டைகளை எடுத்தமை. இன்னொன்று, விந்தணுக்களைத் தயார்ப்படுத்தும் ஊடகத்தில் மக்னீசியம் சேர்த்தமை. கருத்தடை முகாமிற் கிடைக்கும் சூலகத்தில் இருப்பவை ஏறக்குறைய எல்லாமே முதிராத முட்டைகள் என்பதையும், அவற்றை ஆய்வுக்கூடத்தில் முதிரவைக்கும் முயற்சியில் வெற்றி வீதம் மாட்டின் முட்டைகளோடு ஒப்பிடக்கூட முடியாத அளவுக்குக் குறைவு என்பதையும் முதல் நாளிலேயே மனதிற் பதித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தன்மை கொழுப்பு. நாயின் முட்டையை நுணுக்குக்காட்டியின் கீழே வைத்துக் கீழிருந்து ஒளியைச் செலுத்தினால், அது பனங்கட்டித் துண்டுபோலக் கருமையாகத் தெரியும். உள்ளே கலக்கரு எங்கே இருக்கிறது என்று கண்ணாற் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் கருமை குழியவுரு முழுவதும் செறிந்திருக்கும் கொழுப்புத் துளிகளால் வருவது. அவை குளிரில் இறுகித் தம்முள் ஒன்றுசேர்வதோடு, நீர் வெளியேறுவதற்கும் உறைவிலிருந்து காக்கும் காப்புக் கரைசல் உள்ளே பரவுவதற்கும் தடையாக நிற்கின்றன. ஆகவே மெதுவாகக் குளிர்விக்கும் பழைய முறையைவிட, ஆபத்தான வெப்பநிலை வீச்சை ஒரு செக்கனுக்கும் குறைவான நேரத்திற் கடந்துவிடும் கண்ணாடியாக்கல் முறையே இந்த முட்டைக்குப் பொருந்துகிறது. பனிப்பளிங்கு உருவாக அவகாசம் கொடுக்காமல், முட்டையும் அதைச் சூழ்ந்த கரைசலும் கண்ணாடிபோல இறுகச் செய்வதுதான் அதன் அடிப்படை.

நாயைத் தெரிதலும் சூலகத்தை எடுத்தலும்

ஒரு வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடைப்பட்ட, நல்ல உடல்நிலையில் உள்ள பெட்டைகளைத் தெரிவுசெய்யுங்கள். கருப்பையிற் சீழ் கட்டியவை, தெருநாய்களிடையே அதிகம் காணப்படும் பரவும் பாலுறுப்புக் கட்டி உள்ளவை, காய்ச்சலுள்ளவை ஆகியவற்றை விலக்குங்கள். பெட்டை நாய் வருடத்துக்கு ஒருமுறை அல்லது இருமுறைதான் வேட்கைக்கு வரும். ஆகவே முகாமுக்கு வருபவற்றிற் பெரும்பாலானவை ஓய்வுப் பருவத்திலேயே இருக்கும். வேட்கையிலோ அதற்கடுத்த இரண்டு மாதங்களிலோ இருக்கும் நாயின் சூலகம் கிடைத்தால் அதைத் தனியாகக் குறித்துவையுங்கள். அதிலிருந்து வரும் முட்டைகள் முதிர்வதற்கான வாய்ப்புச் சற்று அதிகம். முட்டை வெளியேறிய இடங்களில் உருவாகும் மஞ்சட்சடலங்கள் சூலகத்தின் மேற்பரப்பில் புடைத்துத் தெரிவதே இதற்கான எளிய அடையாளம்.

உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் பெறவேண்டும். தர்மபுரம் பக்கத்தில் ஒரு முகாமில், தமது நாயைச் சேலைத் தலைப்பால் மூடித் தூக்கிவந்த ஒரு வயோதிபத் தாய், “வெட்டி எடுக்கிறதை என்ன செய்யப் போறியள் தம்பி?” என்று கேட்டார். அவருக்கு விளக்குவதற்கு எனக்கு முழுதாகப் பத்து நிமிடங்கள் பிடித்தன. குட்டி கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை என்பதை இருமுறை கேட்டு உறுதிப்படுத்திய பின்னரே அவர் கையொப்பமிட்டார். அந்தப் பத்து நிமிடங்களை வேலைத்திட்டத்தில் முன்கூட்டியே ஒதுக்கிவையுங்கள்.

சத்திரசிகிச்சையின்போது கவனிக்க வேண்டியது ஒன்றே: சூலகத்தைக் கவ்வியால் நசுக்கக் கூடாது. நாயின் சூலகம் கொழுப்புப் படிந்த ஒரு பையினுள் முழுமையாக மூடப்பட்டிருக்கும். அந்தப் பையோடு சேர்த்தே வெட்டி எடுத்துவிடுங்கள், அதுவே பயணத்தில் அதற்குப் பாதுகாப்பு. கையுறை அணிவதும், குழுவில் உள்ள எல்லோரும் விசர்நாய்க்கடிக்கு முன்காப்புத் தடுப்பூசி பெற்றிருப்பதும் கட்டாயம்.

வன்னி வெயிலில் சூலகத்தைக் கொண்டுசெல்லுதல்

புதுக்குடியிருப்பிலோ ஒட்டுசுட்டானிலோ முகாம் நடக்கும்போது ஆய்வுக்கூடம் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ இருக்கும். நடுப்பகலில் மூடிய வான் வாகனத்தினுள் வெப்பநிலை நாற்பது பாகையைத் தாண்டும். எங்கள் பகுதியில் இந்த வேலையின் தலைவிதி பெரும்பாலும் வீதியில்தான் தீர்மானிக்கப்படுகிறது.

இரண்டு மணித்தியாலங்களுக்குள் ஆய்வுக்கூடத்தை அடைய முடியுமானால், சூலகங்களை 35 தொடக்கம் 37 பாகை செல்சியசில் வைத்துக் கொண்டுசெல்லுங்கள். தேநீர் கொண்டுபோகும் வாய் அகன்ற சுடுநீர்க் குடுவை ஒன்றே இதற்குப் போதும். முதலில் வெந்நீரால் அதைக் கழுவிச் சூடாக்கி, 37 பாகையில் உள்ள நீரை ஊற்றி, அந்த நீரினுள் சூலகங்கள் அடங்கிய சிறிய மூடிப் போத்தல்களை இறக்கவேண்டும். போத்தலினுள் 0.9 சதவீதச் சேலைன் அல்லது பொசுபேற்றுத் தாங்கற் கரைசல் இருக்கவேண்டும். ஒரு மில்லிலீற்றருக்கு 100 அலகு பெனிசிலினும் 100 மைக்ரோகிராம் ஸ்ரெப்ரோமைசினும் அதிற் கலந்திருக்கவேண்டும். ஒரு போத்தலில் ஒரு நாயின் சூலகங்கள் மட்டும். மூடியிலும் உடலிலும் நாயின் இலக்கம்.

அதைவிட நேரம் எடுக்குமானால் 4 பாகைக்குக் குளிர்வித்துக் கொண்டுசெல்வதே நல்லது. அந்நிலையில் மறுநாள் காலைவரை வைத்திருந்து வேலை செய்வதும் உண்டு. ஆனால் 4 பாகை என்பது ஐஸ் அல்ல. ஆரம்ப காலத்தில் ஒருமுறை, மீன் கொண்டுபோகும் றெஜிபோம் பெட்டியில் ஐஸ் கட்டிகளைப் போட்டு, அவற்றின் மேலேயே போத்தல்களை அடுக்கிக் கட்டிக்கொண்டு பரந்தன் வீதியால் வந்தேன். ஆய்வுக்கூடத்திற் திறந்தபோது அடிவரிசையில் இருந்த போத்தல்களின் சேலைன் ஊசிபோல உறைந்திருந்தது. அவற்றிலிருந்து எடுத்த முட்டைகளில், முட்டையைச் சூழ்ந்த உறையான தெளிவலயம் பிளந்து, குழியவுரு ஒரு பக்கமாக வழிந்திருந்தது. அந்த நாளின் சூலகங்களில் அரைவாசி அப்படியே போயிற்று. தவறு முழுவதும் என்னுடையது. இப்போது பெட்டியின் அடியில் ஐஸ், அதன்மேல் நான்கு மடிப்பாக ஈரமில்லாத துவாய், அதன்மேல் போத்தல்கள், நடுவில் வெளியே தெரியும்படி ஒரு வெப்பமானி என்ற ஒழுங்கில் அடுக்குகிறேன். வெப்பமானி இல்லாமல் பெட்டியை மூடுவதில்லை.

முட்டைகளைப் பிரித்தெடுத்தல்

ஆய்வுக்கூடத்தில் சூலகத்தைப் புதிய சேலைனில் மூன்று முறை அலசி, கொழுப்புப் பையைக் கத்தரியாற் பிளந்து அகற்றுங்கள். பின்னர் ஒரு பெத்திரிக் கிண்ணத்தில், ஹெப்பீஸ் கலந்த ரிசிஎம்-199 என்ற கல வளர்ப்பு ஊடகத்தை ஊற்றி, சூலகத்தை இடுக்கியாற் பிடித்துக்கொண்டு, புதிய சத்திரசிகிச்சைக் கத்தியால் மேற்பரப்பைக் குறுக்கும் நெடுக்குமாக மிக நெருக்கமாகக் கீறவேண்டும். மாட்டின் சூலகத்தில் ஊசியால் நீர்ப்பைகளை உறிஞ்சி எடுப்பதுபோல இங்கே செய்ய முடியாது. ஓய்வுப் பருவச் சூலகத்தில் அவ்வளவு பெரிய நீர்ப்பைகள் இருப்பதில்லை. ஊடகம் கலங்கி, சிறு துணுக்குகள் மிதக்கத் தொடங்கும்போது கீறுவதை நிறுத்திவிட்டு, கிண்ணத்தை இரண்டு நிமிடங்கள் அசையாமல் வையுங்கள். முட்டைகள் அடியிற் படியும்.

இனி நுணுக்குக்காட்டியின் கீழே தேடல். முதல் நாட்களில் கொழுப்புத் துளியையும் முட்டையையும் பிரித்தறியவே கண் தடுமாறும். கொழுப்புத் துளி பளபளத்து மேலே மிதக்கும். முட்டை கருமையாக, ஒரு மெல்லிய ஒளிவளையம் சூழ, அடியிற் கிடக்கும். உங்களுக்கு வேண்டியது, குழியவுரு சீராகக் கருமையாக உள்ளதும், 110 மைக்ரோமீற்றருக்கு மேல் விட்டம் உடையதும், முட்டையைச் சூழும் குமுலஸ் கலங்கள் குறைந்தது இரண்டு அடுக்காக இறுக்கமாக ஒட்டியிருப்பதுமான முட்டை. வெளிறியவை, ஒரு பக்கம் மட்டும் கருத்தவை, குமுலஸ் கலங்கள் இல்லாமல் வெறுமையாக இருப்பவை ஆகியவற்றை ஒதுக்கிவிடுங்கள். எண்ணிக்கையைக் காட்டுவதற்காக அவற்றை உறையவைத்தால், பின்னர் வரும் முடிவுகளுக்கு எந்தப் பொருளும் இராது. கிடைக்கும் எண்ணிக்கை நாய்க்கு நாய் பெரிதும் மாறுபடும், அதற்காகச் சோர்வடைய வேண்டியதில்லை.

முதிரவைத்து உறையவைப்பதா, முதிராமலே உறையவைப்பதா என்ற கேள்வி இங்கே எழும். முதிர்ந்த முட்டையில் நிறமூர்த்தங்கள் ஒரு மெல்லிய கதிரமைப்பில் அடுக்கப்பட்டிருக்கும். குளிரில் அது குலைந்துவிடக்கூடும். முதிராத முட்டையில் நிறமூர்த்தங்கள் கலக்கருவினுள்ளே பாதுகாப்பாக இருக்கும், ஆனால் உருக்கிய பின் அதை முதிரவைக்கும் கடினமான வேலை மீதியிருக்கும். நாயில் முதிர்வு வீதம் இவ்வளவு குறைவாக இருக்கும்போது, 72 மணித்தியாலங்கள் காத்திருந்து பெரும்பாலானவற்றை இழப்பதைவிட, எடுத்த அன்றே முதிராத நிலையில் உறையவைப்பதுதான் எங்கள் வசதிகளுக்குப் பொருத்தமானது என்பது என் முடிவு. அப்படிச் செய்யும்போது குமுலஸ் கலங்களை முற்றாக உரித்துவிடக் கூடாது. முதிர்வுக்கான சமிக்ஞைகள் அவற்றினூடாகவே முட்டைக்குப் போகின்றன. நுண்குழாயால் மெதுவாக இழுத்து விட்டு, வெளி அடுக்குகளை மட்டும் மெல்லியதாக்குங்கள்.

கரைசல்களும் கண்ணாடியாக்கலும்

அடிப்படை ஊடகம்: ஹெப்பீஸ் கலந்த ரிசிஎம்-199, அதில் 20 சதவீதம் கன்றுக்கருச் சீரம். சமநிலைக் கரைசல் 10 மில்லிலீற்றர் தயாரிக்க, காப்புப் பொருட்களான எதிலீன் கிளைக்கோல் 0.75 மில்லிலீற்றர், டிஎம்எஸ்ஓ 0.75 மில்லிலீற்றர், மீதி அடிப்படை ஊடகம். கண்ணாடியாக்கற் கரைசல் 10 மில்லிலீற்றருக்கு இரண்டும் தலா 1.5 மில்லிலீற்றர், அதோடு 0.5 மூலர் செறிவுக்கு 1.71 கிராம் சுக்குரோசு. சுக்குரோசை முதலில் ஊடகத்திற் கரைத்து, மற்றவற்றைச் சேர்த்து, கடைசியில் கனவளவை 10 மில்லிலீற்றருக்கு நிரப்புங்கள். நேர்மாறாகச் செய்தால் செறிவு தவறும். எல்லாவற்றையும் கிருமிநீக்க வடியால் வடித்து வையுங்கள்.

இவை அறை வெப்பநிலையிற் பயன்படுத்தப்பட வேண்டியவை என்று கையேடுகள் கூறும். அந்தக் கையேடுகளின் அறை 25 பாகை. ஆவணி மாதத்துக் கிளிநொச்சியின் அறை 33 பாகை. எட்டுப் பாகை வேறுபாட்டில் காப்புப் பொருட்கள் உள்ளே பரவும் வேகமும் அவற்றின் நச்சுத்தன்மையும் கூடிவிடுகின்றன. குளிரூட்டப்பட்ட அறை இருந்தால் 25 பாகையில் வைத்து, காற்று மேசைமேல் நேரே வீசாதபடி திருப்பிவிடுங்கள், ஏனெனில் சிறு துளிகளிலிருந்து நீர் ஆவியானால் செறிவு நிமிடத்துக்கு நிமிடம் ஏறும். அப்படியான அறை இல்லையென்றால் விடியற்காலையில் வேலை செய்யுங்கள். மின்வெட்டை எண்ணி, நுணுக்குக்காட்டிக்கும் சூடாக்குந் தட்டுக்கும் ஒரு மாற்று மின்கலத்தை ஆயத்தமாக வைத்திருப்பதும் அவசியம்.

மூன்று அல்லது நான்கு முட்டைகளைச் சமநிலைக் கரைசலில் இட்டவுடன் நேரத்தைத் தொடங்குங்கள். முட்டை முதலில் சுருங்கும், ஏனெனில் பிரசாரணத்தால் உள்ளிருக்கும் நீர் முந்திக்கொண்டு வெளியேறுகிறது. பின்னர் காப்புப் பொருள் உள்ளே செல்லச் செல்ல மெதுவாக உப்பிப் பழைய உருவுக்குத் திரும்பும். இதற்குப் பத்து தொடக்கம் பதினைந்து நிமிடங்கள் எடுக்கும். கருமையான நாய் முட்டையில் இந்த மாற்றத்தைக் குழியவுருவுக்கும் தெளிவலயத்துக்கும் இடையே தோன்றி மறையும் ஒளியிடைவெளியைக் கொண்டே அறியவேண்டும். அந்த இடைவெளி மூடியதும் அடுத்த படிக்குப் போகலாம்.

கண்ணாடியாக்கற் கரைசலில் முட்டை இருக்கும் முழு நேரமும், தாங்கியில் ஏற்றும் நேரத்தையும் சேர்த்து, 60 செக்கன்கள் மட்டுமே. முதல் துளியில் இட்டு, உடனே இரண்டாவது, மூன்றாவது துளிகளுக்கு மாற்றி, கிரையோடொப் போன்ற மெல்லிய தாங்கியின் நுனியில் வைத்து, மிகையான கரைசலை நுண்குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். எஞ்சும் கரைசல் 0.1 மைக்ரோலீற்றரைவிடக் குறைவாக, முட்டையைச் சுற்றி ஈரம் படிந்ததுபோல மட்டும் தெரியவேண்டும். பின்னர் ஒரே அசைவில் தாங்கியைத் திரவ நைதரசனுக்குள் செங்குத்தாக அமிழ்த்துங்கள். மேலே நிற்கும் ஆவியில் ஒரு கணமும் தயங்க வேண்டாம். மூடியைத் திரவத்தினுள்ளேயே வைத்துப் பூட்டவேண்டும். கை பழகும்வரை முட்டை இல்லாத வெறுந்துளிகளைக் கொண்டு ஐம்பது முறையாவது இதைச் செய்து பாருங்கள்.

திரவ நைதரசன்

திரவ நைதரசனின் வெப்பநிலை −196 பாகை. ஒரு லீற்றர் திரவம் ஆவியாகி ஏறத்தாழ 700 லீற்றர் வாயுவாகும். மூடிய அறையிலும் யன்னல்கள் மூடிய வாகனத்திலும் அது மூச்சுக்கான ஒட்சிசனைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளிவிடும். கலனின் மூடியை இறுக்கிக் கட்டக் கூடாது. முகக்கவசமும் தளர்வான தடித்த கையுறையும் அணிந்து, கிரவல் வீதியில் கலன் சாயாதபடி நிமிர்த்திக் கட்டி, யன்னலைத் திறந்துவைத்தே கொண்டுசெல்லுங்கள்.

மாட்டு விந்துடன் பழகியவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. விந்துக் குழாயைக் கலனின் கழுத்துவரை உயர்த்தி இலக்கத்தைப் பார்த்துவிட்டு மீண்டும் இறக்குவது உங்கள் கைப்பழக்கம். கால் மில்லிலீற்றர் அல்லது அரை மில்லிலீற்றர் கொண்ட குழாய் அதை ஓரளவு தாங்கும், 0.1 மைக்ரோலீற்றர் கொண்ட தாங்கி தாங்காது. ஏறத்தாழ −130 பாகைக்கு மேலே வந்தால் கண்ணாடி நிலை தளரத் தொடங்கி, பனிப்பளிங்கு உருவாகிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, உருக்கிய பின்னரே முட்டை இறந்தது தெரியவரும். ஆகவே எந்தத் தாங்கி எந்தக் குவளையில் இருக்கிறது என்பதை வெளியே உள்ள பதிவேட்டில் பார்த்து அறியும்படி ஒழுங்குபடுத்துங்கள். திரவ மட்டத்தை ஒவ்வொரு கிழமையும் குச்சி விட்டு, அதில் உறைபனி படியும் உயரத்தால் அளந்து எழுதுங்கள். நீண்ட விடுமுறைக்கு முன் கலனை நிரப்புவதற்கு யார் பொறுப்பு என்பது பெயரோடு சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

உருக்குதலும் சோதித்தலும்

குளிர்வித்தலைவிட உருக்குதலின் வேகம் முக்கியமானது. 10 மில்லிலீற்றரில் 3.42 கிராம் சுக்குரோசு கரைத்த 1 மூலர் கரைசலை 37 பாகையில் சூடாக்கி வைத்து, தாங்கியின் நுனியைத் திரவத்திலிருந்து நேரே அதனுள் ஒரு செக்கனுக்குள் இறக்குங்கள். ஒரு நிமிடத்தின் பின் 0.5 மூலர் கரைசலில் மூன்று நிமிடங்கள், அதன் பின் அடிப்படை ஊடகத்தில் ஐந்து நிமிடங்களாக இருமுறை. சுக்குரோசு இல்லாமல் நேரே ஊடகத்தில் இட்டால் நீர் பாய்ந்து முட்டை வெடித்துவிடும்.

முதற் சில மாதங்களுக்கு ஒவ்வொரு நாளின் முட்டைகளையும் மூன்றாகப் பிரியுங்கள்: ஒரு பகுதி எதுவும் செய்யாமல் நேரே வளர்ப்புக்கு, இன்னொரு பகுதி கரைசல்கள் எல்லாவற்றினூடும் சென்று, நைதரசனுக்குள் மட்டும் போகாமல் திரும்புவது, மூன்றாவது பகுதி உறைந்து உருகியது. இரண்டாவது பகுதியே இறந்தால் குற்றம் கரைசலிலோ அறையின் வெப்பத்திலோ இருக்கிறது. மூன்றாவது மட்டும் இறந்தால் துளியின் அளவையோ கையின் வேகத்தையோ சந்தேகியுங்கள். முதலாவதே இறந்தால் வீதியையும் பெட்டியையும் பாருங்கள். பல மாதங்களாகக் காரணம் தெரியாமல் தடுமாறிய எனக்கு வழிகாட்டியது இந்த மூன்று கிண்ணங்கள்தான்.

உயிர்த்தன்மையைப் பார்க்க, தெளிவலயத்தில் வெடிப்பு இல்லாமையும் குழியவுரு சீராக நிரம்பியிருப்பதும் முதற் சான்று. ஒளிர்வு நுணுக்குக்காட்டி இருந்தால் புளோரசீன் டையசிற்றேற்று இட்டுப் பாருங்கள். உயிருள்ள முட்டை பச்சையாக ஒளிரும். பின்னர் 38.5 பாகையில், 5 சதவீதக் காபனீரொட்சைட்டில், 72 மணித்தியாலங்கள் வளர்த்து, கலக்கருவின் நிலையை ஒளிர்சாயத்தாற் பார்க்கவேண்டும். அதற்கப்பால் உள்ள கருக்கட்டலுக்கும் வளர்ப்புத் தாயின் வேட்கைக் காலத்தோடு ஒத்திசைப்பதற்கும் முழுமையான இனப்பெருக்க ஆய்வுக்கூடம் வேண்டும். இலங்கையின் ஒரே மிருக வைத்திய பீடம் பேராதனையில் இருக்கிறது; அந்தக் கட்டத்தை எண்ணுவோர் அங்குள்ளவர்களோடு தொடக்கத்திலிருந்தே பேசிக்கொள்வது நல்லது.

முட்டைகளைப் பிரித்தெடுக்க நேரமில்லாத நாட்களில், சூலகத்தின் வெளிப்புறணியை ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள துண்டுகளாக வெட்டி, திசுவாகவே உறையவைக்கலாம். அதில் உள்ள ஆரம்பநிலை முட்டைகள் சிறியவை, கொழுப்புக் குறைந்தவை, குளிரைக் கூடுதலாகத் தாங்குபவை. அவற்றை முழு வளர்ச்சிக்குக் கொண்டுவரும் வழி நாயில் இன்னும் கைகூடவில்லை என்றாலும், அரிதான ஒரு நாயின் சூலகத்தில் ஒன்றை முட்டைகளுக்கும் மற்றதைத் திசுவுக்கும் ஒதுக்குவது என் வழக்கம்.

பதிவேட்டில் ஒவ்வொரு தாங்கிக்கும் ஒரு வரி: நாயின் இலக்கம், வயது, ஊர், வேட்கை நிலை, சூலகம் எடுத்த நேரம், பெட்டியின் வெப்பநிலை, உறையவைத்த நேரம், அன்றைய அறை வெப்பநிலை, செய்தவரின் கையொப்பம், குவளையின் நிறம். உருக்கிய நாளில் அந்த வரியைச் சிவப்பு மையாற் கோடிட்டு, எத்தனை பிழைத்தன என்பதை அருகே எழுதவேண்டும். ஒன்றும் பிழைக்கவில்லையென்றால் சுழியத்தையே எழுதவேண்டும். சம்மதப் படிவத்தின் பிரதி உரிமையாளரிடம் இருக்கட்டும். தர்மபுரத்துத் தாயின் நாயிலிருந்து எடுத்த தாங்கிகள் இரண்டு இன்னும் கலனில், மஞ்சட் குவளையில் இருக்கின்றன. அவர் வழியிற் காணும்போதெல்லாம் கேட்பதால், அந்த வரியை நான் பதிவேட்டைப் பாராமலே சொல்லுவேன்.